வகுப்பில் பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி, அது சண்டையாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் சமூக அறிவியல் எடுக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார். பேசச் சொன்னால் நாலு பேர்தான் பேசுகிறார்களாம், மற்றவர்கள் குனிந்து பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். கொஞ்சம் சூடான தலைப்பைக் கொடுத்தால் அது ஊர்ச் சண்டையாகிவிடுகிறது. இதற்கு நடுவில் தலைமையாசிரியர் புத்தாக்கப் போட்டிக்குப் படைப்பு கேட்கிறார், பிள்ளைகளோ கடையில் தெர்மாகோல் வாங்கி ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். இரண்டுக்கும் என்ன செய்வது என்பது கேள்வி. ஆசிரியர் பயிற்சிகளில் ரொம்ப காலமாக இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

டீச்சர், நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. "இப்படிச் செய்து பார்த்தால் என்ன?" என்று ஒரு பிள்ளை வாய்விட்டுக் கேட்க வேண்டுமானால், அது சொதப்பினாலும் பின் பெஞ்சு சிரிக்காது என்ற தைரியம் அதற்கு வேண்டும். "நீ சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று முகம் சுளிக்காமல் சொல்வதற்கும் அதே தைரியம்தான் வேண்டும். ஒரு வகுப்பில் முதலாவது இல்லையென்றால் இரண்டாவதும் இருக்காது. தெர்மாகோல் மாதிரிகள் வருவதற்குக் காரணம் பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லாதது இல்லை, தப்பாகப் போகவே முடியாத ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அதனால் எங்கே ஆரம்பிப்பது என்றால், தலைப்பில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு பிள்ளை தப்பான பதில் சொன்ன உடனே நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில் ஆரம்பியுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் இருந்தது. அதை 3 விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. பிள்ளை பேசி முடித்த பிறகும் உடனே "சரி", "தப்பு" என்று சொல்லாமல் அதே 3 விநாடி பொறுத்தால், அந்தப் பிள்ளையே தான் சொன்னதைத் தொடர்ந்து விளக்குகிறது, இல்லையென்றால் இன்னொரு பிள்ளை கையைத் தூக்குகிறது. இதைச் சொன்னால் "இவ்வளவுதானா?" என்பார்கள். நாளைக்கே முதல் பீரியடில் கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று வரை எண்ணிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நமக்கு மௌனம் என்றாலே வகுப்பு கை நழுவுகிற மாதிரி ஒரு பயம். பழக வேண்டும்.

அப்புறம், பேசுவதற்கு முன்னால் எழுத வையுங்கள். 2 நிமிடம், ரஃப் நோட்டில், இரண்டு வரி போதும். "நான் என்ன நினைக்கிறேன், ஏன்" என்று. இதனால் என்ன ஆகும் என்றால், வாயாடிப் பிள்ளைகளுக்கும் ஒதுங்கி உட்காரும் பிள்ளைகளுக்கும் ஒரே நேரம் கிடைக்கிறது. நம் பக்கத்துப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்திருப்பார்கள், பொதுவாகக் கேள்வி கேட்டால் பையன்கள் வரிசையிலிருந்துதான் சத்தம் வரும். எழுதிய பிறகு நீங்கள் யாரை வேண்டுமானாலும் எழுப்பி "என்ன எழுதியிருக்கே, படி" என்று கேட்கலாம். யோசிக்கச் சொல்லிக் கேட்பதைவிட எழுதியதைப் படிக்கச் சொல்வது பிள்ளைக்கு ரொம்ப எளிது. எழுப்பிவிட்டு அவமானப்படுத்துகிற மாதிரியும் இருக்காது.

இனி விவாதத்துக்கு வருகிறேன். நம்மூர்க்காரர்களுக்கு விவாதம் என்றதும் பட்டிமன்றம்தான் ஞாபகம் வரும், அதில் தப்பில்லை. காரைக்குடியில் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து இந்த மண்ணில் மேடையில் வாதாடுவதைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். பக்கத்துக் குன்றக்குடியில் இருந்த அடிகளார் பட்டிமன்றத்தை ஊர் ஊராகப் பொதுமக்களிடம் கொண்டுபோனவர்களில் முன்னால் நிற்பவர். இன்னும் பின்னால் போனால், புகாரில், அதாவது காவிரிப்பூம்பட்டினத்தில், இந்திர விழாவுக்கு முரசறையும்போது, சமயவாதிகள் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறுங்கள், பகைவரோடு இருக்க நேர்ந்தாலும் கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்று அறிவித்ததாக மணிமேகலையில் வருகிறது. நகரத்தார் தங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்று சொல்லிக்கொள்கிறார்கள், அப்படிப் பார்த்தால் இந்த அறிவிப்பு நமக்கு ரொம்பப் பக்கத்துச் சொந்தம். நாகரிகமாக வாதாடுவது எங்கிருந்தோ வந்த சரக்கு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் மேடைப் பட்டிமன்றத்தை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். மேடையில் ஒவ்வொருவரும் ஒரு அணி, கடைசி வரை அந்த அணிதான். கைதட்டு வாங்க வேண்டும், எதிரணிக்காரரை நாலு கிண்டல் செய்தால்தான் கைதட்டு வரும், கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்வார். கேட்க வருகிற கூட்டத்துக்கு அது சரி, அனுபவம் உள்ள பேச்சாளர்கள் இறங்கி வந்ததும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். 14 வயதுப் பிள்ளைக்கு அது வராது. அது தோற்றால் மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டில் மிச்சத்தைத் தீர்த்துக்கொள்ளும். அதோடு, "எதிர்த்தரப்பில் எது சரி?" என்று யோசிக்கும் வேலையே அதில் பிள்ளைக்கு இல்லை. நமக்கு வகுப்பில் வேண்டியது அந்த வேலைதான்.

இதற்கு அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்ற சகோதரர்கள் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது, நம் வகுப்புக்கு நன்றாகப் பொருந்துகிறது. நாலு நாலு பேராகப் பிரித்துவிடுங்கள். அதில் இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் இன்னொரு பக்கம். முதல் ஜோடி தன் பக்கத்தைச் சொல்லும், எதிர் ஜோடி குறுக்கிடாமல் குறிப்பு எடுக்கும், பிறகு "நீங்க சொன்னது இதுதானே?" என்று திருப்பிச் சொல்லும். சொன்னவர்கள் "ஆமாம், இதுதான்" என்று ஒத்துக்கொண்டால்தான் இவர்கள் தங்கள் பக்கத்தை ஆரம்பிக்கலாம். அது முடிந்ததும் பக்கம் மாற்ற வேண்டும், இவ்வளவு நேரம் எதிர்த்தவர்களே இப்போது ஆதரித்துப் பேச வேண்டும். கடைசியில் இரண்டு பக்கத்தையும் விட்டுவிட்டு, நாலு பேரும் சேர்ந்து ஒரு பத்தி எழுத வேண்டும்: எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை, இன்னும் என்ன தெரிந்தால் முடிவெடுக்கலாம். நடுவர் கிடையாது, தீர்ப்பு கிடையாது.

இதற்குத் தலைப்பு முக்கியம். "கைபேசி நன்மையா தீமையா" மாதிரித் தலைப்பைக் கொடுத்தால் ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும் கட்டுரைதான் வரும். நான் பயிற்சிகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது சீமைக்கருவேலம். "நம் கண்மாயில் உள்ள சீமைக்கருவேல மரங்களை முழுக்க வெட்டி எடுக்க வேண்டுமா?" சிவகங்கை மாவட்டத்துப் பிள்ளைக்கு இது கண்ணுக்கு முன்னால் நிற்கிற விஷயம். கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் மண்டிக்கிடந்தால் தண்ணீர் வந்து சேராது, கீழே வேறு செடி முளைக்காது, முள்ளால் வயலுக்குள் இறங்க முடியாது என்று ஒரு பக்கம். கரிமூட்டம் போட்டு, அதாவது இந்த விறகை மூட்டமாக எரித்துக் கரியாக்கி விற்றுப் பிழைக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கத்திலும் ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்திலும் நிறைய, விறகு அதுதான், வறட்சியில் ஆடு மாட்டுக்கு அதன் நெற்றுதான், பஞ்சாயத்துக்கு ஏலத்தில் வருமானம் என்று இன்னொரு பக்கம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டது, அதே ஆண்டு உயர் நீதிமன்றமே அதை நிறுத்திவைத்து நிபுணர் கருத்துக் கேட்டது, 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. பெரியவர்களே ஒரு முடிவுக்கு வர இவ்வளவு அலைந்த விஷயம் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை வரும், நாமும் யோசிக்கலாம் என்று தோன்றும்.

ஒரு வகுப்பில் இது எப்படிப் போனது என்று சொல்கிறேன். கண்மாய்ப் பாசன வயல் உள்ள வீட்டுப் பையன் ஒருவன், வெட்ட வேண்டும் என்ற பக்கம் விழுந்து விழுந்து பேசினான். எதிரே இருந்த பெண்ணின் வீட்டில் கரிமூட்ட வேலை, அது அவனுக்குத் தெரியாது. அந்தப் பெண் முதல் சுற்றில் ஒரு வரிதான் சொன்னாள். பக்கம் மாறியதும் இவன் கரிமூட்டக்காரர்கள் பக்கம் பேச வேண்டும், பேச இவனிடம் சரக்கு இல்லை. அவளைப் பார்த்து, "இதுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு வரும்? மூட்டம் எத்தனை நாள் எரியும்?" என்று கேட்க ஆரம்பித்தான். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான். கடைசியில் அந்த நாலு பேர் எழுதிய பத்தி இப்படி இருந்தது: கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் வேரோடு எடுக்க வேண்டும், மேட்டு நிலத்தில் இருப்பதை இப்போதைக்கு விடலாம், எடுக்கிற வேலையைக் கரிமூட்டக்காரர்களுக்கே கொடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேலம் வைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்கு மறுபடி முளைத்துவிடும். ஒரு மாவட்ட அதிகாரி எழுதினால்கூட இதைவிடப் பெரிதாக வித்தியாசமாக எழுதமாட்டார் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்ட புத்தாக்கம் என்பது இதுதான் டீச்சர். பக்கம் மாறியதால்தான் அது வந்தது.

உங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி இன்னும் எத்தனையோ தலைப்பு இருக்கிறது. ஊருணியைச் சுற்றி நடைபாதை போட்டுக் கம்பி வேலி கட்டலாமா? ஆள் இல்லாமல் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளைப் பிரித்துத் தூணையும் கதவையும் விற்பது பங்காளிகளின் உரிமையா, ஊருக்கும் அதில் சொல் உண்டா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கிச் சேலையை விசைத்தறியில் நெய்து அதே பெயரில் விற்றால் வாங்குகிறவருக்கு என்ன, நெசவாளருக்கு என்ன? எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் நியாயமான மனிதர்கள் இருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் தலைப்புக்கான தகுதி.

அந்தத் தகுதி இல்லாத தலைப்பும் உண்டு, அதைக் கறாராகச் சொல்ல வேண்டும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் கௌரவத்தை விவாதத்துக்கு வைக்கக் கூடாது. கோவில் மரியாதை யாருக்கு, தேர்வடம் யார் பிடிப்பது, யார் யாரைக் கட்டலாம் என்பதையெல்லாம் "இரண்டு பக்கமும் பேசலாம்" என்று வைத்தால், ஒரு பக்கம் பேசுகிற பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பார்த்து "நீ எனக்குச் சமமா?" என்று கேட்கத்தான் நீங்கள் இடம் கொடுத்ததாக ஆகும். தீண்டாமையை அரசியலமைப்பின் 17-வது பிரிவு ஒழித்துவிட்டது, அதற்கு எதிர்த்தரப்பு கிடையாது. அது எப்படி நடந்தது, இன்னும் எங்கே மிச்சம் இருக்கிறது என்று பாடமாகப் பேசுங்கள், பேசியே ஆக வேண்டும், ஆனால் வாக்கெடுப்பாக வேண்டாம். கொள்கை விஷயங்களில் ஆசிரியர் தன் கருத்தைக் கடைசி வரை சொல்லாமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம், பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். கௌரவ விஷயத்தில் மட்டும் முதல் நிமிடத்திலேயே நம் நிலையைச் சொல்லிவிட வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2023-ல் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள், அது நமக்கெல்லாம் தெரியும். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. கையில் சாதி காட்டும் வண்ணக்கயிறு கட்டக் கூடாது, பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அகரவரிசை என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் குழுவைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுப் பாருங்கள், ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேர் குழுவை எப்போதும் நீங்களே பிரியுங்கள், வருகைப் பதிவேட்டு எண்ணை வைத்துப் பிரித்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இதே பிரச்சினையை 1971-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் சந்தித்தார். அதுவரை தனித்தனியாகப் படித்த வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவழிப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்கு வந்ததும் தினம் அடிதடி. அவர் செய்தது, ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்ற துண்டு வேண்டுமானால் அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும், கிண்டல் செய்தால் நஷ்டம் நமக்குத்தான் என்று பிள்ளைகளுக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. உங்கள் புவியியல் பாடத்தில் மண் வகைகள், பயிர்கள் மாதிரிப் பகுதிகளுக்கு இது அச்சாகப் பொருந்தும். பரீட்சைக்கான பாடமும் அதிலேயே முடிந்துவிடும்.

பேசும் முறைக்கு ஒரே ஒரு விதி வைத்தால் போதும் என்று நினைக்கிறேன், பத்து விதி எழுதி ஒட்டினால் யாரும் படிப்பதில்லை. விவாத நேரத்தில் எல்லாரும் எல்லாரையும் "நீங்க" என்றுதான் கூப்பிட வேண்டும். "டேய்", "ஏய்", "போடி" எல்லாம் மணி அடித்த பிறகு. முதல் நாள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். "நீங்க சொன்னதுல ஒரு பாதி எனக்குச் சரியாப் படுது, இன்னொரு பாதிக்கு என்ன ஆதாரம்?" என்று ஒரு பையன் இன்னொரு பையனிடம் கேட்கும்போது குரல் தானாக இறங்கிவிடுகிறது. "நீங்க" போட்டுக்கொண்டு ஒருவரைக் கேவலமாகப் பேசுவது தமிழில் கொஞ்சம் கஷ்டமான வேலை. யாராவது வரம்பு மீறினால் பெரிய தண்டனை எல்லாம் வேண்டாம், "அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லுப்பா" என்று ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

வாட்ஸாப்பில் வந்ததை ஆதாரமாகக் கொண்டுவருவார்கள். அதற்கு மூன்று கேள்வியைக் கரும்பலகை ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வையுங்கள்: யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், வேறு யாராவது அதையே சொல்கிறார்களா. உங்களையும் அதே கேள்வி கேட்கலாம் என்று சொல்லிவிடுங்கள், கேட்டால் கோபப்படாதீர்கள்.

சரி, இனி தெர்மாகோல்.

மாதிரி செய்யச் சொல்வதை நிறுத்துங்கள். "இந்தப் பள்ளிக்கூடத்தில் உனக்கு தினமும் எரிச்சல் தருவது எது?" என்று கேளுங்கள். ஒரு பள்ளியில் பிள்ளைகள் எழுதியதில் நிறைய பேர் சொன்னது, சத்துணவுத் தட்டு கழுவும் இடத்தில் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, சாப்பாட்டு நேரம் முடிந்தால் அந்த இடமே சேறு. காரணம் என்ன என்று கேட்டதும் வகுப்பு மூன்றாகப் பிரிந்தது. வாஷர் போய்விட்டது என்றார்கள் சிலர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் திமிராகத் திறந்து போட்டுவிட்டுப் போகிறார்கள் என்றார்கள் சிலர். தண்ணீர்த் தொட்டி உயரத்தில் இருப்பதால் வேகம் அதிகம் என்றான் ஒருவன். ஆசிரியர் எதையும் தீர்ப்புச் சொல்லவில்லை, "எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒரு குழு ஒழுகும் தண்ணீரை வாளியில் பிடித்துக் கடிகாரம் வைத்து அளந்தது. ஒரு குழு வாஷரை மாற்றிப் பார்த்தது, கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. இன்னொரு குழு சாப்பாட்டு நேரத்தில் ஓரமாக நின்று சும்மா பார்த்தது. அதில் ஒரு பெண் கவனித்தது: குழாய் இருக்கும் உயரத்துக்குச் சின்னப் பிள்ளைகளின் கை எட்டுகிறது, ஆனால் இறுக்கித் திருகுகிற அளவுக்கு எட்டவில்லை. திறப்பதற்கு ஒரு தட்டுப் போதும், மூடுவதற்கு உயரம் வேண்டும். பள்ளிக்குப் பின்னால் கிடந்த பழைய படிக்கல் ஒன்றைப் பையன்கள் உருட்டிக்கொண்டு வந்து குழாய்க்கு அடியில் போட்டார்கள். ஒழுகுவது நின்றது. செலவு வாஷருக்கான சில்லறைதான். இதில் முக்கியமானது கல்லைவிட, "திமிர்" என்று சொன்ன பிள்ளைகள் தாங்கள் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னாலும் சாதாரணமாக ஒத்துக்கொண்டதுதான். அளந்து பார்த்து வந்த முடிவு என்பதால் அதில் யாருக்கும் தோல்வி இல்லை.

பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு இந்த மாதிரி ஒன்றைத்தான் அனுப்ப வேண்டும். ஒரு பள்ளியிலிருந்து 5 யோசனை வரை அனுப்பலாம், தேர்வானால் மாதிரி செய்ய மாணவர் கணக்கில் 10,000 ரூபாய் போடுகிறார்கள், யோசனை பிள்ளையுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பதும். பிள்ளைகள் கையால் செய்து பார்க்க மத்திய அரசு 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகம் கிடைத்த பள்ளிகளுக்கு 20 லட்சம் வரை உதவி உண்டு, அதில் முப்பரிமாண அச்சு இயந்திரமெல்லாம் வரும். கிடைத்தால் நல்லது. ஆனால் கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளை அந்த இயந்திரத்தில் சாவிக்கொத்து பொம்மைதான் அச்சடிக்கும்.

கருவிக்கு வழியில்லாத பள்ளிக்கு நம் பக்கத்திலேயே சரக்கு இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் எடுத்துக்கொள்ளுங்கள். சூளையே கிடையாது, கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்து எடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளை முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், மெழுகு என்பார்கள், பாலிஷ் என்பார்கள். பிறகு பிளாஸ்டிக் மூடி, ஓட்டாஞ்சில்லு, கண்ணாடித்துண்டு மூன்றின் மேலும் சிமெண்டை ஊற்றிக் காய்ந்ததும் பிரித்துப் பார்க்கட்டும். (கண்ணாடியின் ஓரத்தை நீங்களே உரசி மழுக்கிக் கொடுங்கள், கையுறை போடச் சொல்லுங்கள், ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும்.) எதன் மேல் காய்கிறதோ அதன் முகம்தான் சிமெண்டுக்கு வரும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று துரு. காரைக்குடியில் சிக்ரி என்று நாம் சொல்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது. உலோக அரிப்பு அங்கே பெரிய ஆராய்ச்சித் துறை. அதை மதில் சுவராக மட்டும் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்! ஊருணித் தண்ணீர், போர் தண்ணீர், மழைத் தண்ணீர் மூன்றிலும் ஒவ்வொரு ஆணியைப் போட்டு, எது முதலில் துருப்பிடிக்கும் என்று காரணத்தோடு எழுதி வைத்துவிட்டு இரண்டு வாரம் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு எதிர்பார்த்த மாதிரி வராத குழுவிடம்தான் நல்ல கேள்வி இருக்கும். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அங்கே திறந்த நாள் வரும்போது போகட்டும், சிக்ரி உள்பட மத்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழும ஆய்வகங்கள் செப்டம்பர் 26 நிறுவன நாளை ஒட்டிப் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். வெறுங்கையோடு போய் வேடிக்கை பார்ப்பதற்கும் கேள்வியோடு போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்பில் இதைப் பெரிதாகச் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன், காத்திருக்கும் 3 விநாடியும் முதலில் எழுதுவதும் மட்டும் அங்கே போதும். ஒன்பதாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு பீரியடில் பாதி, பருவத்துக்கு ஒரு முழு விவாதம், அது முடியும். மதிப்பெண் போட வேண்டியிருந்தால் அழகாகப் பேசியதற்குப் போடாதீர்கள். எதிர்த்தரப்பைச் சரியாகத் திருப்பிச் சொன்னாரா, ஆதாரம் கொடுத்தாரா, எங்கே மனம் மாறியது என்று எழுதினாரா, இதற்குப் போடுங்கள். பிள்ளைகள் எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் செய்வார்கள்.

பெற்றோர் யாராவது "பள்ளிக்கூடத்தில் அரசியல் பேச வைக்கிறீர்கள்" என்று வந்தால், உங்கள் பத்தாம் வகுப்புக் குடிமையியலில் வரும் அடிப்படைக் கடமைகளைக் காட்டுங்கள். அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராய்ந்து கேட்கும் உணர்வு இவற்றை வளர்ப்பது 51அ பிரிவில் குடிமக்களின் கடமையாகவே எழுதியிருக்கிறது. அதைவிட நல்லது, அவர்கள் வருவதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகள் எழுதிய பத்திகளை வாசிக்க வைப்பது. ஊருணி, கண்மாய் மாதிரி விஷயமென்றால் அக்டோபர் 2 கிராம சபையில் வாசிக்கலாம், தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். நாம் எழுதியதை ஊர் கேட்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் அடுத்த முறை ஆதாரம் தேடுவதே வேறு மாதிரி இருக்கும்.

இதைத் தனியாகச் செய்தால் சீக்கிரம் அலுத்துவிடும் டீச்சர். உங்கள் பள்ளியிலேயே இன்னொருவர், அறிவியல் எடுப்பவராக இருந்தால் ரொம்ப நல்லது, மாதத்தில் ஒரு முறை அவர் உங்கள் வகுப்பில் பின்னால் உட்காரட்டும், நீங்கள் அவர் வகுப்பில் உட்காருங்கள். குறை சொல்ல வேண்டாம். யார் பேசினார்கள், யார் பேசவில்லை, ஆசிரியர் எத்தனை விநாடி பொறுத்தார் என்று மட்டும் குறித்துக் கொடுத்தால் போதும்.

சீமைக்கருவேல விவாதத்துக்கு இரண்டு தரப்பு வாதங்களையும் எழுதிய தாள் என்னிடம் தட்டச்சாகவே இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். ஊருணித் தாளை மட்டும் நீங்களே எழுதுங்கள், உங்கள் ஊருணியில் யார் குளிக்கிறார்கள், யார் குடிக்க எடுக்கிறார்கள், எந்தப் பக்கத்து வரத்து அடைபட்டுக் கிடக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களைக் கேட்டே எழுதலாம்.